கதவும் கசியக் கூடாது, புரதமும் போக வேண்டும்

சர்க்கரையைக் கொடுத்தால் ஒரு பாக்டீரியா செத்துப்போகுமா? 1970-களின் இறுதியில் அமெரிக்காவின் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில், ஜான் பெக்வித்தின் ஆய்வகத்தில் அப்படித்தான் நடந்தது. ஈ.கோலை பாக்டீரியாவுக்கு மால்டோஸ் சர்க்கரை நல்ல தீனி. ஆனால் அங்கே மரபணுக்களை ஒட்டித் தயாரித்த சில ஈ.கோலை வகைகள் மால்டோஸைக் கண்டதும் வளர்ச்சி நின்று செத்தன.

ஒட்டப்பட்டவை இரண்டு புரதங்கள். முன்பாதி, மால்டோஸைப் பிடித்துவர உள்சவ்வைத் தாண்டிப் போகும் ஒரு புரதத்தின் துண்டு. பின்பாதி, எப்போதும் செல்லுக்குள்ளேயே இருக்கும் பீட்டா-கேலக்டோசிடேஸ் என்ற பெரிய நொதி. மால்டோஸ் வந்தால்தான் செல் இந்த ஒட்டுப் புரதத்தைத் தயாரிக்கும். தயாரானதும் முன்பாதியில் இருக்கும் முகவரிச் சீட்டு அதை உள்சவ்வில் இருக்கும் கதவுக்குக் கூட்டிப் போகும். தலை நுழைந்துவிடும். உடலோ அதற்குள் மடிந்து பெரிய உருண்டையாகியிருக்கும், எனவே உள்ளேயும் வராமல் வெளியேயும் போகாமல் வாசலில் சிக்கிக்கொள்ளும். ஒரு செல்லில் இந்த வகைக் கதவுகள் சில நூறுதான் உண்டு. அவை ஒவ்வொன்றாக அடைபட, வெளியே போகவேண்டிய மற்ற புரதங்களெல்லாம் உள்ளேயே தேங்கும். அதோடு கதை முடிந்தது.

பட்டினி இல்லை, விஷம் இல்லை, வாசல் அடைபட்டதால் வந்த சாவு. இத்தகைய ஒட்டுப் புரதங்களை வைத்துத்தான் அந்தக் கதவின் பாகங்களுக்கான மரபணுக்கள் பிறகு ஒன்றன்பின் ஒன்றாகச் சிக்கின.

பாக்டீரியாவின் புரதச் சுரப்பு என்றதும் பாடப்புத்தகங்கள் சவ்வின் குறுக்கே ஒரு நேர்க்குழாயை வரைந்து, அதற்குள் ஒரு அம்புக்குறி போட்டுவிடும். எனக்கு அந்தப் படம் பிடிப்பதில்லை. குழாய் போடுவது பெரிய வேலையே இல்லை. அந்தக் குழாய் கசியாமல் இருப்பதுதான் வேலை. இந்தப் பொறிகளின் கட்டமைப்பில் விசித்திரமாகத் தெரியும் பல விஷயங்கள் அந்த ஒரு கவலையிலிருந்து பார்த்தால் புரிந்துவிடும்.

இரண்டு மதில், நடுவே மின்சாரமில்லாத இடம்

ஈ.கோலை, சால்மோனெல்லா, காலரா கிருமி போன்ற கிராம்-நெகட்டிவ் பாக்டீரியாக்களுக்கு இரண்டு சவ்வுகள். உள்சவ்வு, வெளிச்சவ்வு, இரண்டுக்கும் நடுவே சுமார் 20 நானோமீட்டர் அகலத்தில் பெரிபிளாசம் என்ற இடைவெளி. உள்சவ்வுதான் செல்லின் மின்கலம். புரோட்டான்களை அதன் வழியாக வெளியே தள்ளி, அவை திரும்பி உள்ளே பாயும் விசையில்தான் செல் தன் எரிபொருளான ஏடிபியைத் தயாரிக்கிறது. புரோட்டானைவிடச் சிறிய அயனி கிடையாது. சில நூறு அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு புரதம் போகும் அளவுக்குத் துளை திறந்தால் புரோட்டான்கள் சும்மா இருக்குமா? மின்கலத்தின் இரு முனைகளையும் கம்பியால் இணைத்த மாதிரி ஆகிவிடும்.

வெளிச்சவ்வில் பிரச்சினை வேறு மாதிரி. அதில் சிறு மூலக்கூறுகள் போய்வர நிரந்தரத் துளைகள் ஏற்கெனவே நிறைய உண்டு. அதனால் பெரிபிளாசத்தில் ஏடிபி கிடையாது. உள்சவ்வைத் தாண்டியபின் எந்த வேலைக்கும் அங்கே எரிபொருள் இல்லை. வெளிச்சவ்வைத் தாண்டத் தேவையான விசையை உள்ளேயிருந்தே நீட்டிக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் எரிபொருளே தேவைப்படாத வேறு தந்திரம் வேண்டும்.

ஈ.கோலையில் சுமார் 4,300 மரபணுக்கள் உள்ளன. அவை தயாரிக்கும் புரதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சவ்வுக்கோ அதைத் தாண்டியோ போகவேண்டியவை. அதாவது இது எப்போதாவது நடக்கும் ஏற்றுமதி இல்லை, அன்றாடப் போக்குவரத்து.

பழைய கதவு

அந்தப் போக்குவரத்தின் பெரும்பகுதியைத் தாங்குவது செக் எனப்படும் கதவு. வெளியே போகவேண்டிய புரதத்தின் முன்முனையில் 15 முதல் 30 அமினோ அமிலங்கள் வரை நீளமுள்ள ஒரு சமிக்ஞைத் தொடர் இருக்கும். தொடக்கத்தில் நேர்மின்னூட்டம், நடுவில் எண்ணெய்ப் பசையுள்ள நீளம், கடைசியில் கத்தரிக்கும் இடம். சவ்வைத் தாண்டியதும் ஒரு நொதி அதை நறுக்கிவிடும், சீட்டைக் கிழித்து உள்ளே விடுவது போல. புரதங்கள் தம் முகவரியைத் தம்மிலேயே சுமக்கின்றன என்ற கருத்துக்காக குந்தர் புளோபெல் 1999-இல் நோபல் பரிசு பெற்றார். அவர் ஆராய்ந்தது விலங்கு செல்களை. ஆனால் 1980-இல் வால்டர் கில்பர்ட்டின் குழு எலியின் இன்சுலின் முன்புரதத்தை ஈ.கோலைக்குள் தயாரித்தபோது, எலியின் சமிக்ஞைத் தொடரைப் பாக்டீரியா சரியாகப் படித்து அந்தப் புரதத்தை உள்சவ்வுக்கு வெளியே அனுப்பியது. அவ்வளவு பழைய எழுத்து அது.

கதவின் உருவம் 2004-இல் வெளிவந்தது. டாம் ராப்போபோர்ட்டின் குழு, கொதிநிலைக்கு நெருங்கிய சூட்டில் வாழும் ஆர்க்கியா வகை நுண்ணுயிர் ஒன்றின் கதவைப் படிகமாக்கி எக்ஸ்-கதிர் மூலம் படம் பிடித்தது. அதுவரை பலர் எண்ணியிருந்தது வேறு: பல புரதங்கள் வட்டமாகக் கூடிநிற்க, நடுவில் பெரிய ஓட்டை இருக்கும் என்று. படம் காட்டியது ஒற்றைப் புரதத்தை. பத்துச் சுருள்கள் சவ்வை ஊடுருவி நிற்க, சிப்பியின் இரு ஓடுகள் போல இரண்டு பாதிகளாக மூடியிருந்த அந்தப் புரதத்தின் நடுவிலேயே துளை இருந்தது. செக்-ஒய் என்பது அதன் பெயர். அதை ஒட்டி இரண்டு சிறிய துணைப் புரதங்கள்.

துளையின் வடிவம் மணற்கடிகாரம். மேலும் கீழும் புனல் போல விரிந்து, நடுவில் ஒடுங்குகிறது. அந்த இடுப்பில் எண்ணெய்ப் பசையுள்ள அமினோ அமிலங்கள் ஒரு வளையமாக உள்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கின்றன. வளையத்துக்குச் சற்று வெளியே ஒரு குட்டிச் சுருள் தக்கை போலக் குந்தியிருக்கிறது. சும்மா இருக்கும்போது தக்கை துளையை அடைத்திருக்கும். புரதச் சங்கிலி நுழையும்போது தக்கை விலகும், ஆனால் அதற்குள் வளையம் சங்கிலியைச் சுற்றி இறுகப் பிடித்துக்கொள்ளும், குழாய் இணைப்பில் போடும் ரப்பர் வாஷர் மாதிரி. அடைப்பு ஒருபோதும் இல்லாமல் போவதில்லை. தக்கை விட்ட இடத்தைச் சங்கிலியே நிரப்புகிறது. இதற்காகத்தான் புரதம் மடியாமல் நூலாக இருக்க வேண்டும். மடிந்த உருண்டைக்கு இந்த வாஷர் பயன்படாது. மால்டோஸ் சோதனையில் செத்த ஈ.கோலைக்கு நேர்ந்தது இதுதான்.

இன்னொன்று, சிப்பி பக்கவாட்டிலும் திறக்கும். சமிக்ஞைத் தொடர் அந்தப் பக்கவாசலில் போய் உட்கார்ந்தால்தான் கதவு நெகிழ்கிறது. சவ்விலேயே தங்கவேண்டிய புரதங்களின் எண்ணெய்ப் பகுதிகள் அதே பக்கவாசல் வழியாகச் சவ்வுக்குள் நழுவிவிடும். ஒரே கதவில் இரண்டு வழி. கதவின் வளையத்திலோ தக்கையிலோ பிறழ்வு ஏற்பட்ட பாக்டீரியாக்களும் கிடைத்திருக்கின்றன. அவற்றில் சமிக்ஞைத் தொடர் கெட்டுப்போன புரதங்கள்கூட வெளியே போய்விடும். தாழ்ப்பாள் தளர்ந்த கதவு, சீட்டைக் கேட்பதில்லை.

தள்ளும் வேலை செக்-ஏ என்ற மோட்டாருடையது. கதவின் உள்வாயில் அமர்ந்து ஏடிபியை எரித்து, சங்கிலியைத் துண்டு துண்டாக உள்ளே நுழைக்கும். மோட்டாரும் கதவும் சேர்ந்த உருவம் 2008-இல் வந்தபோது, மோட்டாரிலிருந்து இரண்டு சுருள்களாலான ஒரு விரல் துளையின் வாயில் நீட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. ஆய்வகங்களில் கரைசல்கள் கெடாமல் இருக்கச் சேர்க்கும் சோடியம் அசைடு பாக்டீரியாவைத் தாக்கும் இடங்களில் இந்த மோட்டாரும் ஒன்று. அசைடைத் தாங்கும் ஈ.கோலைகளைத் தேடியபோது பிறழ்வு இந்த மரபணுவிலேயே இருந்தது.

சில புரதங்களை நூலாக அனுப்ப முடியாது. இரும்பு, மாலிப்டினம் போன்ற உலோகக் கூட்டுகளைச் செல்லுக்குள்ளேயே பொருத்தி முடித்தாக வேண்டிய நொதிகள் அவை. பிரித்தால் உலோகம் போய்விடும். அவற்றுக்கு டாட் என்ற இன்னொரு வழி. இதன் சமிக்ஞைத் தொடரில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் இரட்டையாக இருக்கும், பெயரும் அதனால் வந்ததே. ஈ.கோலையில் சுமார் 30 புரதங்கள் இப்படிப் போகின்றன, முழுதாக மடிந்தபடியே. இதற்கு ஏடிபி தேவையில்லை, புரோட்டான் விசையே போதும். கசிவுக்கு இது சொல்லும் பதில் எனக்குப் பிடித்த பதில்: நிரந்தரத் துளையே வைக்காதே. சரக்கு வந்தபிறகு டாட்-ஏ என்ற சிறு புரதத்தின் பல பிரதிகள் அங்கே கூடும், சரக்கு போனதும் கலைந்துவிடும்.

எண்களை நம்ப வேண்டாம்

உள்சவ்வைத் தாண்டினால் பாதி தூரம்தான். வெளிச்சவ்வையும் தாண்டும் பொறிகளுக்கு முதல் வகை, இரண்டாம் வகை, மூன்றாம் வகை என்று எண் போட்டிருக்கிறார்கள். இந்த எண்கள் பெரும்பாலும் கண்டுபிடித்த, பெயரிட்ட வரிசை. பரிணாமத்தையோ கட்டமைப்பையோ அவை சொல்வதில்லை. படிக்க வருபவர்களை இது வீணாகக் குழப்புகிறது என்பது என் எண்ணம். இரண்டாக மட்டும் பிரித்துக்கொண்டால் போதும்: செக் அல்லது டாட் வழியாகப் பெரிபிளாசம் வரை வந்து, அங்கிருந்து இரண்டாவது தாவல் தாவுபவை ஒரு பக்கம், உள்ளேயிருந்து வெளியே ஒரே மூச்சில் போகிறவை இன்னொரு பக்கம்.

முதல் வகை ஒரே மூச்சில் போகிறது. ஈ.கோலையின் சில வகைகள் நம் சிவப்பணுக்களை உடைக்கும் ஹீமோலைசின் என்ற நச்சைச் சுரக்கின்றன. 1,024 அமினோ அமிலங்கள். அதன் முகவரி முன்முனையில் இல்லை, பின்முனையில். ஆக அது பின்முனை முன்னால் வர வெளியேறுகிறது. உள்சவ்வில் ஏடிபியை எரிக்கும் ஒரு பம்பு, பெரிபிளாசத்தைக் கடக்க ஒரு இணைப்பு, வெளிச்சவ்வில் டோல்-சி என்ற குழாய். டோல்-சியின் உருவம் 2000-இல் தெரியவந்தபோது பார்த்தவர்கள் வியந்தார்கள். மொத்தம் 14 நானோமீட்டர் நீளம். அதில் வெளிச்சவ்வில் பதிந்திருக்கும் பீப்பாய் 4 நானோமீட்டர் மட்டுமே, மீதி 10 நானோமீட்டர் பெரிபிளாசத்துக்குள் நீட்டிய சுரங்கம். மூன்று புரதங்கள் சேர்ந்து ஒரே பீப்பாயாக அமைந்திருக்கின்றன. சுரங்கத்தின் உள்முனை முறுக்கி மூடியிருக்கும், பம்பு வந்து சேரும்போது முறுக்கு அவிழ்ந்து கேமராவின் கண் போலத் திறக்கும். பாக்டீரியா ஆன்டிபயாடிக்கைத் துப்பித் தள்ளுவதும் பெரும்பாலும் இதே டோல்-சி வழியாகத்தான், பம்பு மட்டும் வேறு.

இந்த நச்சில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. அதன் உடலில் ஒன்பது அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு வரிசை திரும்பத் திரும்ப வருகிறது. அந்த வரிசைகள் கால்சியத்தைப் பிடித்தால்தான் மடியும். செல்லுக்குள் கால்சியம் மிகக் குறைவு, வெளியே பல ஆயிரம் மடங்கு அதிகம். அதனால் உள்ளே இருக்கும்வரை மடியாமல் நூலாகவே இருக்கும், வெளியே தலைகாட்டிய பகுதி உடனே கால்சியத்தைப் பிடித்து மடியும். மடிந்த பகுதி திரும்பிக் குழாய்க்குள் நுழைய முடியாது. எரிபொருள் இல்லாத இடத்தில் பின்வாங்காமல் இருக்க இதைவிட மலிவான வழி இருக்க முடியாது.

காலரா நச்சு வேறு வழியில் போகிறது. 1959-இல் கொல்கத்தாவில் சம்பு நாத் டே, காலரா கிருமியை வளர்த்த திரவத்திலிருந்து கிருமிகளை வடிகட்டிவிட்டு, மீந்த திரவத்தை மட்டும் முயலின் குடல் வளையத்துக்குள் செலுத்தினார். கிருமியே இல்லாமல் குடலில் நீர் நிறைந்தது. நோயைத் தருவது கிருமி வெளியே விடும் ஒரு பொருள்தான் என்பதற்கு அது தெளிவான சான்று. அந்த நச்சு ஒரு பெரிய அலகும் ஐந்து சிறிய அலகுகளும் சேர்ந்தது. அலகுகள் செக் வழியாக நூலாகப் பெரிபிளாசத்துக்கு வருகின்றன, அங்கே மடிந்து ஒன்றுசேர்கின்றன, பிறகு முழு நச்சாக வெளிச்சவ்வைத் தாண்டுகின்றன. இது இரண்டாம் வகை.

முழு நச்சும் போகும் அளவுக்கு வாசல் வேண்டும். அது இருக்கிறது: ஒரே புரதத்தின் 15 பிரதிகள் சேர்ந்து, 60 இழைகளால் ஆன ஒரு பெரிய பீப்பாய். இவ்வளவு பெரிய ஓட்டையை வெளிச்சவ்வில் போட்டுவிட்டு எப்படித் தூங்குவது? பீப்பாய்க்குள்ளேயே நடுவழியில் ஒரு தடுப்பு வாசல் உள்ளது, பல வகைகளில் மேலே ஒரு மூடியும் உண்டு. தள்ளும் விசைக்கு உள்சவ்வில் ஏடிபியை எரித்து ஒரு குட்டித் தண்டு பெரிபிளாசத்துக்குள் வளர்க்கப்படுகிறது, அது பிஸ்டன் போல நச்சை வாசல்நோக்கி நகர்த்துகிறது. எரிபொருள் அடித்தளத்தில், வேலை மாடியில்.

ஊசி

1998-இல் சால்மோனெல்லாவின் சவ்விலிருந்து கழற்றி எடுத்த ஒரு பொறியின் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படம் வெளியானது. அடியில் அடுக்கு அடுக்காக வளையங்கள், மேலே நீண்ட ஊசி. மருத்துவமனை ஊசியேதான், அளவுதான் வேறு. மூன்றாம் வகை என்ற உலர்ந்த பெயரைவிட ஊசி என்பதே பொருந்தும்.

செல்லுக்கு வெளியே நீட்டியிருக்கும் ஊசி சில பத்து நானோமீட்டர் நீளம், யெர்சினியா கிருமியில் சுமார் 60. உள்துளையோ 2 நானோமீட்டர் அளவுதான். சாதாரண மடிந்த புரதம்கூட அதில் நுழையாது. எனவே உள்ளே செல்லின் சாற்றில் காத்திருக்கும் ஏவல் புரதங்களை, அதாவது இன்னொரு செல்லுக்குள் செலுத்த வேண்டிய புரதங்களை, துணைப் புரதங்கள் பிடித்துவைத்திருக்கும். ஊசியின் அடியில் இருக்கும் மோட்டார் அவற்றைக் கழற்றி, அவிழ்த்து, நூலாக்கி ஏற்றும். 2014-இல் ஒரு குழு இதையே கண்ணால் காட்டியது: அவிழ்க்க முடியாத ஒரு புரதத்தை வாலில் ஒட்டி அனுப்பினார்கள். தலை ஊசிக்குள் போக, வால் அடிவாசலில் சிக்கி, பொறி நிறைந்த நிலையில் அப்படியே நின்றது. அதைக் குளிர்-எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படம் பிடித்தார்கள். பெக்வித் ஆய்வகத்தின் பழைய தந்திரமேதான், இந்த முறை கேமராவுக்காக.

கட்டமைப்பில் கண்ணை உறுத்தும் ஒன்று, எண்கள் பொருந்தாமை. வெளிச்சவ்வு வளையத்தில் 15 அல்லது 16 பிரதிகள், உள்சவ்வு வளையங்களில் 24. நடுவில் இருக்கும் ஏற்றுமதி வாசல் ஐந்து, நான்கு, ஒன்று என்ற விகிதத்தில் மூன்று புரதங்கள். அதற்குக் கீழே ஒன்பது பிரதிகள் கொண்ட இன்னொரு வளையம். அதற்கும் கீழே ஆறு கொண்ட ஏடிபி மோட்டார். ஒரு பொறியாளர் இப்படி வரைந்துகொடுத்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இன்னொரு ஆச்சரியம் 2018-இல் வந்தது. அந்த ஏற்றுமதி வாசலின் மூன்று புரதங்களும் சவ்வுக்குள் படுத்திருக்கும் வகையைச் சேர்ந்தவை என்றே அவற்றின் தொடரைப் பார்த்தவர்கள் கணித்திருந்தார்கள். உருவம் கிடைத்தபோது அவை சவ்வின் தளத்தை விட்டு மேலே எழும்பி, முறுக்கிய கூம்பாக, ஊசியின் அடிக்கட்டை போல நின்றன. சுருளாக எழும் ஊசிக்கு முதல் படி இதுவே.

ஊசியின் நீளம் எப்படி ஒரே அளவில் இருக்கிறது? யெர்சினியாவில் இதற்கு ஒரு அளவுகோல் புரதம் இருப்பதை 2003-இல் கண்டார்கள். அதன் மரபணுவில் சில அமினோ அமிலங்களைச் சேர்த்தால் ஊசி நீண்டது, நீக்கினால் குட்டையானது, கணக்குப் பிசகாமல். வளரும்போது அளவுகோல் ஊசிக்குள் நீட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும், எட்டவேண்டிய நீளம் எட்டியதும் அடிவாசல் ஊசிப் புரதத்தை அனுப்புவதை நிறுத்திவிட்டு ஏவல் புரதங்களுக்கு மாறும்.

பாக்டீரியா நீந்தப் பயன்படுத்தும் கசையிழைக்கும் இந்த ஊசிக்கும் அடித்தளம் கிட்டத்தட்ட ஒன்றே. கசையிழை தன் இழைப் புரதத்தைத் தன் உட்குழாய் வழியாகவே அனுப்பி நுனியில் அடுக்கி வளர்கிறது. மேலும் கசையிழையில் செய்த ஆய்வுகள் காட்டியது: ஏடிபி மோட்டார் இல்லாவிட்டாலும் சில நிலைமைகளில் ஏற்றுமதி நடக்கும், புரோட்டான் விசை இல்லாவிட்டால்தான் நிற்கும். ஆக, பெரும்பங்கு விசை கொடுப்பது சவ்வின் மின்கலம்தான்.

ஊசி வழியாக என்ன போகிறது என்பது இன்னொரு கட்டுரைக்கான விஷயம். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். சால்மோனெல்லா நம் குடல் செல்லுக்குள் இரண்டு புரதங்களைச் செலுத்துகிறது. ஒன்று செல்லின் தோலைக் குமிழ்க்கச் செய்து கிருமியை உள்ளே விழுங்கவைக்கும். மற்றொன்று அதே தோலை மறுபடி சரியாக்கிவிடும். இரண்டும் சேர்ந்தே உள்ளே போகின்றன. ஆனால் முதல் புரதத்தை நம் செல் சீக்கிரம் சிதைத்துவிடுகிறது, இரண்டாவது நீடிக்கிறது. கதவை உடைத்து உள்ளே போய், பின்னால் வந்தவன் கதவைப் பழுதுபார்த்துவிட்டுப் போனது போல. நேரக் கணக்கு ஊசியில் இல்லை, நம் செல்லின் குப்பைத்தொட்டியில் இருக்கிறது.

நான்காம் வகையை விரைவாகக் கடந்துவிடலாம். டிஎன்ஏவைக் கடத்தும் பொறியின் உறவினர் அது. அக்ரோபாக்டீரியம் என்ற மண் பாக்டீரியா தாவர செல்லுக்குள் தன் டிஎன்ஏவைச் செலுத்துவது இதனால்தான். நிமோனியா தரும் லெஜியோனெல்லா கிருமி இதே வழியில் 300-க்கும் மேற்பட்ட ஏவல் புரதங்களை அனுப்புகிறது.

ஸ்பிரிங் வைத்த ஈட்டி

ஆறாம் வகை, மேலே சொன்ன எதைப் போலவும் இல்லை. 2006-இல் காலரா கிருமியில் அடையாளம் காணப்பட்டது. அப்போது அது அமீபாவைக் கொல்லப் பயன்படுவதாகத் தெரிந்தது. உருவத்தைப் பார்த்தால், பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸின் வாலைத் தலைகீழாகத் திருப்பி உள்ளிருந்து வெளியே குறிவைத்த மாதிரி இருக்கும். நடுவே ஒரு குழாய், அதன் நுனியில் கூர்மையான முனை, குழாயைச் சுற்றி இழுத்துவைத்த உறை. உறை செல்லுக்குள் 20, 30 விநாடிகள் எடுத்துக்கொண்டு நிதானமாகக் கட்டப்படும், சில நேரம் செல்லின் குறுக்களவு முழுவதும் நீளும். பிறகு 5 மில்லிவிநாடிக்கும் குறைவான நேரத்தில் பாதியாகச் சுருங்கும். குழாய் பக்கத்துச் செல்லுக்குள் பாயும். 2012-இல் ஒளிரும் புரதம் ஒட்டிய உறையை நுண்ணோக்கியில் பார்த்துக் கணக்கிட்ட வேகம் இது.

கசிவுக் கவலை இங்கே எப்படித் தீர்ந்தது? வாசல் திறந்திருப்பது ஒரு நொடியின் சிறு துளிதான். அப்புறம் செலவு? விசை முழுவதும் உறையைக் கட்டும்போதே அதில் இழுத்து வைக்கப்பட்டுவிடுகிறது, சுடும்போது எதையும் எரிக்க வேண்டாம். சுருங்கிய உறையை ஒரு ஏடிபி நொதி பிரித்துப் போடும், அதே துண்டுகளிலிருந்து அடுத்த ஈட்டி கட்டப்படும். பெரும்பாலும் குறி இன்னொரு பாக்டீரியாதான். தன் சொந்த இனத்தின் ஈட்டி தன்மேல் பாய்ந்தால் சாகாமல் இருக்க, ஒவ்வொரு நச்சுக்கும் ஜோடியாக ஒரு மாற்றுமருந்துப் புரதத்தையும் அவை தயாரித்து வைத்திருக்கின்றன.

காசநோய்க் கிருமியின் வழி வேறு. அது ஏழாம் வகை. அதன் ஒரு வடிவத்துக்கான மரபணுக்களின் முக்கியப் பகுதியைத்தான் பிசிஜி தடுப்பூசிக் கிருமி இழந்திருக்கிறது. பிரெஞ்சு ஆய்வாளர்கள் கால்மெட்டும் கெரானும் 1908 முதல் 1921 வரை 13 ஆண்டுகள் மாட்டுக் காசநோய்க் கிருமியைத் திரும்பத் திரும்ப வளர்த்தபோது அந்தத் துண்டு விழுந்துபோனது. அதில் என்ன இருந்தது என்பது பல பத்தாண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது. இன்று காசநோய்த் தொற்றை அறியும் ரத்தப் பரிசோதனை அந்தப் பொறி சுரக்கும் இரண்டு புரதங்களையே பயன்படுத்துகிறது. பிசிஜி போட்டவரிடம் அந்தச் சோதனை தவறாகக் காட்டாமல் இருப்பது இதனால்தான்.

கடைசியாக ஒன்பதாம் வகை. ஈறு நோய் தரும் ஒரு கிருமியும் அதன் தூரத்து உறவினர்களும் இதைப் பயன்படுத்துகின்றன. 2018-இல் இதன் வெளிச்சவ்வு வாசலின் உருவம் வெளியானபோது அதில் 36 இழைகள் இருந்தன. ஒற்றைப் புரதச் சங்கிலியால் ஆன சவ்வுப் பீப்பாய்களில் அவ்வளவு பெரியது அதற்கு முன் தெரிந்ததில்லை. மடிந்த புரதம் தாராளமாகப் போகும் அகலம். அதற்குப் பக்கவாட்டில் சவ்வின் மேற்பரப்பை நோக்கி ஒரு திறப்பு, கீழே பெரிபிளாசத்தை நோக்கி இன்னொன்று. ஆய்வாளர்களுக்கு இரண்டு நிலைகளில் அது கிடைத்தது. ஒன்றில் பக்கத் திறப்பை ஒரு புரதம் அடைத்திருந்தது, கீழ்வாய் திறந்திருந்தது. மற்றதில் பக்கத் திறப்பு காலியாக இருந்தது, கீழ்வாயில் ஒரு தக்கை. இரண்டு வாயும் ஒருசேரத் திறந்த நிலை அவர்களுக்குக் கிடைக்கவேயில்லை.